முலாமா, சட்டையா?

ஆணி அதிகமா இருந்ததால ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இன்னைக்கும் மொக்கைதான், ஆனா கொஞ்சம் கனமான மொக்கை. ஈயத்தைப் பத்தி எழுதினா கனமாத்தானே இருக்கும் :-)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, இட்லிக்கு நடுவுல வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்து விழுந்துச்சு. அனுப்பினது டெக்சாஸ்ல இருக்கிற அத்தை பையன். உள்ளங்கையில பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிக் குண்டு. எல்லாம் புளி போட்டுத் தேய்ச்ச செம்புக் குடம் மாதிரி மின்னுது. கீழே ஒரே ஒரு வரி: "மச்சான், நீ பிளேட்டிங் ஆளாச்சே, இது முலாமா சட்டையா?"

மச்சானுக்கு ஒரு விநோதப் பொழுதுபோக்கு. சுட்டு முடிச்ச காலிப் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, சுத்தம் பண்ணி, புது மருந்து, புதுக் குண்டு வச்சு தோட்டாவை மறுபடி தானே தயார் பண்ணுவான். அந்த ஊர்ல அதுக்குன்னு கடை, புத்தகம், எடை மெஷின் எல்லாம் உண்டு. நம்ம ஊர்ல 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். அதனால டிஸ்கியை முன்னாடியே போட்டுடறேன்: இதைப் படிச்சுட்டு யாரும் எதையும் செஞ்சு பார்க்காதீங்க. எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம் பொருட்காட்சியில பலூன் சுட்டதோட சரி.

ஆனா பிளேட்டிங்குக்கும் எனக்கும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில தரம் பார்க்கிற வேலை. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு டேங்க்னா ரெண்டு. ஒண்ணு ஆவடியில 1965-ல விஜயந்தாவுல ஆரம்பிச்சு செஞ்சுட்டு வர்ற, பீரங்கி வச்ச டேங்க். இன்னொண்ணு நிக்கல் கரைசல் ரொப்பி, ரெக்டிஃபையர் மாட்டி, ஜிக்ல தொங்கவிட்ட சாமானை முக்கி எடுக்கிற எங்க டேங்க். சொந்தக்காரங்க நிறைய பேருக்கு இந்த வித்தியாசம் இன்னும் புரியல. "மாப்ள டேங்க்ல வேலை செய்யறாரு"ன்னு ரொம்பப் பெருமையா சொல்லிக்குவாங்க. நானும் திருத்தினதில்ல, ஹிஹி.

மச்சான் கேட்டது சரியான கேள்விதான். முதல்ல ஒரு விளக்கம். தோட்டாங்கிறது கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டுங்கிறது அதோட முனையில இருந்து பறந்து போற பகுதி மட்டும். குண்டோட உள்ளே பெரும்பாலும் ஈயம். ஈயத்தை அப்படியே வேகமா சுட்டா குழலுக்குள்ள ஈயப் படிவு ஒட்டிக்கும். புகையில்லா மருந்து வந்து வேகம் கூடினப்போ இது பெரிய தலைவலியாப் போச்சு. அதுக்குச் சரியா வந்து சேர்ந்ததுதான் 1882-ல சுவிட்சர்லாந்துக்காரர் எடுவார்ட் ரூபின் ஈயத்துக்குப் போட்டுவிட்ட செம்புச் சட்டை. ஜாக்கெட்.

இந்தச் சட்டையை நிஜமாவே தைக்கிற மாதிரிதான் செய்யறாங்க. செம்போட நூத்துக்கு அஞ்சு, பத்து பங்கு துத்தநாகம் கலந்த தகடு. அதை வட்டமா வெட்டி, பிரஸ்ல அமுக்கி, குப்பி மாதிரி இழுத்து, உள்ளே ஈயத்தைத் திணிச்சு, விளிம்பை மடிச்சு விடுவாங்க. தடிமன் அரை மில்லிமீட்டர் வாக்கில இருக்கும். முலாம் குண்டு வேற கதை. ஈயக் குண்டை எங்க பட்டறை மாதிரியே செம்புக் கரைசல்ல போட்டு, கரண்ட் விட்டு, சுத்தமான செம்பைப் படிய வச்சு, அப்புறம் அச்சுல ஒரு அழுத்து அழுத்தி அளவுக்குக் கொண்டு வர்றது. மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, கொஞ்சம் கூடக் குறைய. எங்க தொழில்ல அதுவே ராட்சசத் தடிமன். ஆனா சட்டையோட ஒப்பிட்டா சட்டைக்கும் சந்தனப் பூச்சுக்கும் உள்ள வித்தியாசம்.

பார்க்க ரெண்டும் ஒண்ணு. நடத்தை ஒண்ணு இல்ல. சாதாரண முலாம் குண்டுக்கு நொடிக்கு 1,200 அடி வாக்கில வேக வரம்பு வச்சிருப்பாங்க. அதுக்கு மேல போனா பூச்சு பிய்யும். கூட்டோட வாயை அழுத்திக் குண்டைப் பிடிக்க வைக்கிறப்போ கொஞ்சம் அதிகமா அழுத்தினாலும் பூச்சு வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பூச்சு குண்டோட சேர்ந்து வெளியே போகும்னு உத்தரவாதம் கிடையாது. ஒரு துணுக்கு குழலுக்குள்ளயே தங்கி, அடுத்த குண்டு பின்னாலயே வந்தா என்ன ஆகும்னு நான் விவரிக்க வேண்டியதில்ல. துப்பாக்கி முகத்துக்கு ஒரு முழத்துல இருக்கு.

மச்சான் இதை வாங்கினது ஒரு சந்தைக் கடையில. பிளாஸ்டிக் பையில கொட்டி வச்சு, எடை போட்டுக் கொடுத்திருக்கான். பெட்டி இல்ல, சீட்டு இல்ல, செஞ்சவன் பேர் இல்ல. "செம்புக் குண்டு"ன்னு சொன்னானாம். அது மட்டும் பொய் இல்ல.

நான் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் ரோஸ் அடிச்சுது. சுத்தச் செம்புக்கு அந்த நிறம் வரும், துத்தநாகம் கலந்தா மஞ்சள் தட்டும். "கலரைப் பார்த்தா முலாம்"னு டைப் பண்ணிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி விரல் நின்னுடுச்சு. ஏன்னா ஏற்கனவே ஒரு தடவை கலரைப் பார்த்துச் சொல்லி, ஒரு பொம்பளையோட நாற்பதாயிரம் ரூபாயைத் தண்ணியில விட்டவன் நான்.

இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதினதில்ல.

2019-ல நடந்தது. எங்க தெரு முனையில இட்லிக் கடை போடற அக்கா. சீட்டுப் பணம் கைக்கு வந்த நேரம். சீட்டுக்கு வர்ற யாரோ ஒருத்தி, அவசரமா பணம் வேணும்னு ரெண்டு பவுன் சங்கிலியை நாற்பதாயிரத்துக்குத் தர்றதா சொல்லியிருக்கா. அப்போ பவுன் விலை இருபத்தஞ்சாயிரத்தைத் தாண்டியிருந்துச்சு. அக்கா சங்கிலியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு நேரா எங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சு. "தம்பி, நீ இந்தப் பூச்சு வேலையிலதான இருக்க, இது நல்லதா பாத்து சொல்லு."

நான் பார்த்தேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையில தூக்கிப் பார்த்தேன், கனமா இருந்துச்சு. எங்கேயும் பல்லிளிக்கல. பூச்சா இருந்தா கொக்கி உரசுற இடத்துலயாவது தேய்ஞ்சு தெரியுமேன்னு பார்த்தேன், அங்கயும் மஞ்சள்தான். வீட்டுல இருந்த பழைய உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தேன், தங்கக் கோடு விழுந்துச்சு. "நல்லாத்தாங்க்கா இருக்கு"ன்னு கொடுத்துட்டேன். காபி குடிச்சுட்டு வேலைக்கும் போயிட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு, பையன் காலேஜ் ஃபீஸுக்கு அக்கா அதை அடகுக்கடைக்குக் கொண்டு போச்சு. அங்க இருந்தவர் உரைகல்லையே எடுக்கலையாம். ஒரு கண்ணியை இடுக்கியில பிடிச்சு அரத்தால ரெண்டு இழுப்பு. உள்ளே சிவப்பு. செம்பு. கடையில நாலு பேர் முன்னாடி "எங்கம்மா வாங்கின இதை?"ன்னு கேட்டப்போ, போலீஸைக் கூப்பிடப் போறாங்கன்னு பயந்து ஓடி வந்திருக்கு. வித்தவ அதுக்கு முன்னாடியே வீட்டைக் காலி பண்ணிட்டா.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் இன்னைக்கு வரைக்கும் குத்துது. பூச்சுத் தொழில்ல இருக்கிறவன் பூச்சை மட்டும் பார்த்தேன். உரைகல் மேல்தோலைத்தான் உரசும். மேல்தோல் தங்கம்னா கோடு தங்கமாத்தான் விழும். பூச்சு தடிமனா இருந்தா உரைகல்லும் ஏமாறும். அதைவிட வெட்கம், எடையை நான் கணக்குப் பண்ணாதது. ரெண்டு பவுன்னா 16 கிராம். 22 கேரட் தங்கம் அவ்வளவு எடைக்கு ஒரு மில்லி தண்ணியைக்கூட முழுசா தள்ளாது. செம்பு அதே எடைக்கு ஏறக்குறைய ரெண்டு மில்லி தள்ளும். அதாவது அந்தச் சங்கிலி ரெண்டு பவுனுக்கு இருக்க வேண்டியதைவிட ரெட்டைப் பருமன். குண்டாத் தெரிஞ்சது. "கெட்டி வேலைப்பாடு"ன்னு நினைச்சேன். மருந்து கொடுக்கிற சின்ன அளவுக் குழாய்ல தண்ணி ஊத்திப் பார்த்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அதனால மச்சானுக்கு டைப் பண்ணினதை அழிச்சுட்டு, "கலரை விடு. அடியைத் திருப்பிப் போட்டு படம் அனுப்பு"ன்னு கேட்டேன்.

அடிப்பக்கம்தான் பேசும். முழுச் சட்டை போட்ட குண்டுல சட்டையை முனைப் பக்கம் இருந்து மாட்டி, பின்னால மடிச்சிருப்பாங்க. அதனால அடியில ஒரு வட்டத்துக்குள்ள சாம்பல் நிற ஈயம் தெரியும், சுத்தி மடிச்ச விளிம்பு தெரியும். முனையில குழியோ ஈயமோ விட்ட ரகம்னா நேரெதிர், அடி மூடியிருக்கும், முனையில சட்டை முடியற வாய் தெரியும். எப்படியோ ஒரு இடத்துல தையல் தெரிஞ்சாகணும். முலாம் குண்டுக்குத் தையலே கிடையாது. கரைசலுக்குள்ள முழுகி எழுந்தது, முனை, அடி, குழி எல்லா இடத்துலயும் செம்பு. அடி ஓரம் கொஞ்சம் மழுங்கி இருக்கும். இது எங்க தொழில் ரகசியம்கூட இல்ல, எல்லா பிளேட்டிங் பையனுக்கும் தெரிஞ்சது: கரண்ட் ஓரத்தைத்தான் முதல்ல தேடும். ஓரத்துல பூச்சு தடிக்கும், குழியில மெலியும்.

சுத்தி ஒரு பள்ளக்கோடு போட்டிருந்தா சட்டைன்னு சிலர் சொல்றாங்க. நம்பாதீங்க, முலாம் குண்டுலயும் அந்தக் கோடு போட்டு விக்கறாங்க. காந்தம் ஒட்டினா? அது இரும்புச் சட்டை, அதுக்கு மேல செம்பு. அதாவது சட்டைக்கே முலாம்! எடையும் இங்கே உதவாது. சங்கிலியைக் காட்டிக் கொடுத்த எடை குண்டைக் காட்டிக் கொடுக்காது, ஏன்னா ரெண்டு ரகத்துலயும் பெரும்பகுதி ஈயம்தான்.

மச்சான் அனுப்பின படத்துல அடி பளபளன்னு முழுச் செம்பு. ஈயமே தெரியல. அப்பவும் நான் தீர்ப்பு சொல்லல. "ஒண்ணை வைஸ்ல வச்சு ரம்பத்தால குறுக்கே அறு"ன்னேன். அழுதான், காசு போட்டு வாங்கினதுன்னு. அறுத்தான். நடுவுல சாம்பல் வட்டம், சுத்தி பென்சில் கோடு மாதிரி மெல்லிசா ஒரு சிவப்பு. தகடு இல்ல. முலாம்.

அவன் ஊர்ச் சில்லறையிலயே இந்தப் பாடம் முழுக்க இருக்கு. அமெரிக்கக் கால் டாலரை நிமித்தி விளிம்பைப் பாருங்க, நடுவுல செம்புக் கோடு ஓடும். 1965-ல இருந்து செம்புத் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்கல் கலந்த தகடு ஒட்டின சாண்ட்விச் அது. ஒரு சென்ட் காசு 1982-ல துத்தநாகத்துக்கு மாறிச்சு, மேல செம்பு முலாம் மட்டும். விளிம்பு காட்டிக் கொடுக்காது. ஒரு கீறல் போட்டு அமிலத்துல போட்டா உள்ளே இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு வெறும் செம்புத் தோல் மிஞ்சும். 2025 நவம்பரோட புழக்கத்துக்கு அந்தக் காசு அடிக்கிறதையே நிறுத்திட்டாங்க. ஆனா அங்க ஒண்ணு பாராட்டணும், எந்தக் காசுல என்ன எத்தனை சதவீதம்னு அரசாங்கமே ஊரறியச் சொல்லிடுது.

நான் சொல்ல வந்ததே இதுதான். முலாம் கேவலம்னு நான் சொல்லல. அதுல சோறு தின்னவன் சொல்ல முடியுமா? முலாம் குண்டுக்குன்னு ஒரு நல்ல குணம்கூட உண்டு. அடியும் மூடியிருக்கிறதால, மருந்து எரியறப்போ ஈயம் ஆவியாகி மூக்குக்குள்ள போறது குறையும். முழுச் சட்டைன்னு பெருமையா சொல்றதுல அடி திறந்தே கிடக்கு. இலக்கு பார்த்துச் சுடற பயிற்சிக்கு முலாம் குண்டு மலிவு, போதுமானது. முலாம்னு எழுதி வித்தா ஒரு குத்தமும் இல்ல. எழுதாம பையில கொட்டி விக்கிறதுதான் குத்தம்.

எங்க பட்டறைக்கு வர்ற ஒவ்வொரு டிராயிங்லயும் தடிமன் போட்டிருக்கும். ஒரு போல்ட்டுக்கு துத்தநாகம் எட்டு மைக்ரான்னா எட்டு. ஒரு லாட்ல ஆறரை வந்தா மொத்தமும் ரிஜெக்ட், அமிலத்துல உரிச்சு மறுபடி போடணும், ராத்திரி ஷிப்ட்டுக்குத் தூக்கம் போச்சு. இதே அம்பத்தூர்ல சைக்கிள் ஹேண்டில்பாரைப் பளபளன்னு பார்த்து வளர்ந்தவங்க நாங்க. குரோம்னு சொல்றோமே, அதுல குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, துரு பிடிக்காம காப்பாத்தறது அடியில இருக்கிற நிக்கல்தான். அதுக்கும் தடிமன் கணக்கு உண்டு. போருக்குக்கூட இந்தக் கணக்கைப் பார்த்திருக்காங்க. கல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதச்சாலையில முனையில சட்டை மூடாத குண்டு செஞ்சாங்களே, அந்த மாதிரி உடம்புக்குள்ள விரியற குண்டு கூடாதுன்னு 1899-ல ஹேக்ல பிரகடனம் போட்டாங்க. சட்டை ஈயத்தை முழுசா மூடியிருக்கா இல்லையாங்கிறது அதுல வாசகமாவே வருது.

இட்லிக் கடை அக்கா கழுத்துல போடறதுக்கு மட்டும் ஒரு கணக்கும் இல்ல. தங்க நகைக்கு 2021 ஜூன்ல இருந்து ஹால்மார்க் கட்டாயமாக்க ஆரம்பிச்சாங்க, 2023 ஏப்ரல்ல இருந்து ஆறு எழுத்து அடையாள எண் இல்லாம விக்கக்கூடாதுன்னாங்க. ரொம்ப நல்லது. முலாம் நகைக்கு? கவரிங், ஒன் கிராம் கோல்டு, மைக்ரோ பிளேட்டிங், ஃபார்மிங்னு பேர் மட்டும் விதவிதமா இருக்கு. ரோல்ட் கோல்டுன்னா உண்மையில தங்கத் தகட்டை வேற உலோகத்தோட சூட்டுல அழுத்தி ஒட்டிச் சேர்த்து உருட்டினது, அதாவது சட்டை. நம்ம கடைத்தெருவுல கரைசல்ல முக்கி எடுத்ததையும் அதே பேர்ல கூப்பிடறாங்க. மேல்நாட்டுல தங்கச் சட்டை போட்ட நகைன்னா இருபதுல ஒரு பங்கு எடை தங்கம்னு முத்திரையிலயே இருக்கும். இங்கே எத்தனை மைக்ரான்னு போட்ட ஒரு அட்டையை நான் பூந்தமல்லி கடைத்தெருவுல இருந்து தி.நகர் வரைக்கும் பார்த்ததில்ல. "ஆறு மாசம் கேரண்டி"ன்னு போட்டிருக்கும். எதுக்கு கேரண்டி, வேர்வைக்கா, சோப்புக்கா?

போல்ட்டுக்கு எட்டு மைக்ரான்னு கேக்கறோம், பொம்பளைங்க கழுத்துக்குக் கேக்க மாட்டேங்கறோம். அட்டையில ரெண்டே ரெண்டு விஷயம் போடச் சொல்லிச் சட்டம் வரட்டும்: முலாமா சட்டையா, எத்தனை மைக்ரான். அளக்கற மெஷின் எங்க எஸ்டேட்லயே இருக்கு, ஒரு சாமானுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. "இதெல்லாம் வந்தா ஏமாத்தறவன் அட்டையிலயும் பொய் எழுதுவான்"னு யாராவது பின்னூட்டம் போடுவீங்கன்னு தெரியும். எழுதட்டும். எழுதினா கையில சிக்கும் ஆதாரம் இருக்கும். அக்காகிட்ட அது ஒண்ணுமே இல்ல.

அந்தச் சங்கிலி என்கிட்டதான் இருக்கு. அக்கா தூக்கிப் போடப் போனப்போ நான் வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு, ஒரு கண்ணியை ரெசின்ல பதிச்சு, தேய்ச்சு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சுப் பார்த்தேன். பூச்சு பதினைஞ்சு மைக்ரான், ஓரங்கள்ல இன்னும் கூட. கை தேர்ந்த வேலை, இத்தனை வருஷத்துல அவ்வளவு சீரான படிவை எங்க டேங்க்லயே நான் அதிகம் பார்த்ததில்ல. மொத்த நீளத்துக்கும் கணக்குப் போட்டா தங்கம் ஒரு கிராம் சொச்சம் வந்துச்சு. நிஜமான ஒன் கிராம் கோல்டு!

அக்கா இப்போ போட்டிருக்கிறது பூந்தமல்லியில வாங்கின முந்நூத்தம்பது ரூபா கவரிங். யாராவது "புதுசா?"ன்னு கேட்டா, "கவரிங்குடி"ன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் அடுத்த இட்லியை எடுக்கும்.

மச்சான் நேத்து இன்னொரு படம் அனுப்பினான். அந்தக் குண்டை எல்லாம் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில்ல போட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கர்ல தமிழ்ல எழுதி வச்சிருக்கான். "முலாம். மெதுவா மட்டும்." "மெதுவா"வுக்கு "மொதுவா"ன்னு எழுதியிருக்கான். பதினெட்டு வருஷம் ஆச்சு ஊரை விட்டுப் போய், மன்னிச்சு விட்டேன்.